ராணிக்குத் தெரியக் கூடாது

கடலூரில் மாணவியர் விடுதிக் காப்பாளர் ஆரோக்கிய ராணியிடம் பொய் சொல்லித் தப்பித்த பெண் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அப்பேர்ப்பட்டவளிடம் வீட்டார் மொத்தமும் ஒரு மாதமாக, "வயித்துல புண்ணு, வெறும் அல்சர்" என்று சாதித்தார்கள். அவளும் நம்பினாள். கட்டிய கணவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

ஞாயிறு மாலை பங்குச்சாமியார் வந்தார். தோளில் ஊதாத் துணியைப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து எண்ணெய்ச் சிமிழை எடுத்தார். சாகக் கிடப்பவர்களுக்குச் செய்கிற நோயில்பூசுதல்! ராணிக்குச் சுருக்கென்றது.

"அல்சருக்கு எதுக்கு ஃபாதர் எண்ண பூசறீங்க?"

சாமியார் திருதிருவென்று விழித்து, அவள் கணவர் தைரியராஜைப் பார்த்தார். தைரியராஜ் சுவரைப் பார்த்தார். அது போதாதா? விடுதியில் திருட்டுத்தனமாக ஃபோன் வைத்திருக்கும் பெண்கள்கூட இதைவிட நன்றாக நடிப்பார்கள்.

மறுநாள் காலை, போன மாதம் வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்த சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். தைரியராஜும் பின்னாலேயே ஏறி, "ராணி, சொல்றதக் கேளு" என்று வழியெல்லாம் கெஞ்சினார். என் வயிற்றில் இருப்பது கோயில் வரைக்கும் தெரியும், எனக்குத் தெரியக் கூடாதா என்று உள்ளுக்குள் கொதித்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெண்மதி வழக்கம்போலத் தைரியராஜைப் பார்த்தே பேச்சைத் தொடங்கினார்.

"வயிறு என்னுது மேடம். என்னப் பாத்துப் பேசுங்க."

டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வயிற்றில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவியிருக்கிறது.

"குழாய் விட்டு எடுத்த சதையில பி.டி.எல். ஒன்னுன்னு ஒரு புரதம் இருக்கான்னு பாத்தோம். உடம்போட எதிர்ப்புச் சக்திகிட்ட மாட்டாம புத்துநோய் அத வெச்சுத்தான் தப்பிக்குது. உங்களுக்கு அது ஜாஸ்தியா இருக்கு."

"அப்ப நான் சீக்கிரம் போய்டுவேனா?"

"அத மட்டும் வெச்சு நாள் சொல்ல முடியாதும்மா. ஆனா அத அடக்குற ஊசி இருக்கு. புரதம் ஜாஸ்தி இருக்கறவங்களுக்குத்தான் அது நல்லா கேக்கும். கீமோவோட சேத்துப் போட்டா, நோய் முழுசா போகாட்டியும் ஆயுசு கூடறதுக்கு வாய்ப்பிருக்கு. போன மாசமே சாருகிட்ட சொன்னேன். வேணாம்னுட்டாரு."

ராணி திரும்பினாள். "ஏங்க?"

"கேன்சர் வார்டுல படுக்க வெச்சா ஒனக்குத் தெரிஞ்சுடுமே... நீ தாங்க மாட்டியேன்னு..."

ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக மருந்தையே வேண்டாம் என்றிருக்கிறார் மனிதர். பாசமாம், பாசம்! அந்தப் பாசத்துக்கு அவள் உயிர்தானா கிடைத்தது? இத்தனை படித்த டாக்டரும் அதற்கு உடந்தை.

"அவரு வேணாம்னா, நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா மேடம்?"

"பேஷன்ட்டுக்குத் தெரிய வேணாம்னு வீட்ல சொன்னாங்க..." என்று இழுத்தார் வெண்மதி.

"போன மாசமே போட்டிருந்தா?"

"நல்லா இருந்திருக்கும்."

தைரியராஜ் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கண் கலங்கினால் ராணிதான் தேற்றுவாள். இன்று அவள் நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வெளிய போய் அழுங்க. எனக்கு இங்க பேச வேண்டியது இருக்கு."