கடலுக்குச் செரிக்காதவை

போன ஆவணி இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, மாம்பழச்சாலையில் ஜீனத் பீவி வாசல் கதவைத் திறந்தபோது, அவர் மகள் ஜெஸிமா மூன்றாம் வகுப்பில் படிக்கையில் காவிரிப் பாலத்திலிருந்து எறிந்த ஜூஸ் பாட்டில் படியில் வந்து நின்றிருந்தது. அதே பாட்டில்தான், சந்தேகமில்லை. ஜெஸிமா பல்லால் கடித்துத் திருகிய மூடி அப்படியே இருந்தது. மேலெல்லாம் உப்புப் பூத்து, அடியில் நான்கு சிப்பிகள் ஒட்டியிருந்தன. அன்றைக்கும் காவிரி வழக்கம்போலக் கிழக்கே பார்த்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டில் மட்டும் பூம்புகாரிலிருந்து எதிர்த்து வந்து, கல்லணை மதகு ஏறி, வீட்டைக் கண்டுபிடித்திருந்தது.

முந்தின நாள்தான் ஸ்ரீரங்கத்தில் ஜெஸிமா படிக்கும் நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பு பி பிரிவுக்கு விஜயராணி டீச்சர் கடலில் சேரும் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பாடம் எடுத்தார். கடலைப் பார்த்தவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். முப்பத்தெட்டுப் பேரில் ஆறு பேர் தூக்கினார்கள். அதில் நான்கு நாகூர், இரண்டு வேளாங்கண்ணி. "நீங்க போகலைன்னாலும் நீங்க எறிஞ்சதெல்லாம் கடலுக்குப் போயிருக்கு," என்றார் டீச்சர். ஆமைகள் பாலிதீன் பையை ஜெல்லி மீன் என்று நினைத்துத் தின்பதைச் சொன்னார். பிறகு எந்தப் பொருள் மக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். வாழை இலை, பருத்தித் துணி என்று எழுதி, மூன்றாவது வரியில் 'பாலிதீன் பை: பல நூறு ஆண்டுகள்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. மீதிப் பாடத்தை நடத்தாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் டீச்சருக்குத் தலைசுற்றல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவருக்கு வந்தது தலைசுற்றல் இல்லை. ஆனி மாதம் கொள்ளிடம் பாலத்தில் பைக் சறுக்கி அவருடைய ஒரே மகன் ரங்கநாதன் இறந்துபோனான். பத்தொன்பது வயது. அஸ்தியை அம்மா மண்டபத்தில் கரைக்கக் கொண்டுபோகும்போது திருவானைக்காவல் தாண்டுவதற்குள் ஆட்டோ ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் மண்கலயம் விரிசல் விட்டது. கணவர் ஜெயக்குமாருக்கு மாற்று வேட்டி எடுத்து வந்த ஜவுளிக்கடைப் பாலிதீன் பை டீச்சர் கையில் இருந்தது. போன தீபாவளிக்கு ரங்கநாதனுக்குச் சட்டை எடுத்த பை. கொஞ்சம்கூடச் சிந்தக் கூடாது என்று சாம்பலை அதில் கொட்டி இரண்டு முடிச்சுப் போட்டார். ஜெயக்குமார் மார்பளவு தண்ணீரில் இறங்கி, வழக்கப்படி முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேறினார். படியில் இருந்தவர்களும் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது. முடிச்சை அவிழ்த்து விட்டாரா, பையோடு விட்டாரா என்பது ஜெயக்குமாருக்கு மட்டுமே தெரியும்.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து டீச்சர் நேரே கணவரின் கடைக்குப் போனார். ஜெயக்குமார் மோட்டார் காயில் கட்டுகிறவர். தலைமுடி கனமுள்ள செம்புக் கம்பியில் சிக்கு விழுந்தாலும் பொறுமையாகப் பிரித்துவிடுவார் என்று திருவானைக்காவலில் பெயர் உண்டு.

"முடிச்ச அவுத்துத்தானே விட்டீங்க?"

"அவுத்துட்டுத்தான் விட்டேன்," என்றார் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். டீச்சர் நம்ப ஆசைப்பட்டார். மறுநாள் ஜெஸிமா பாட்டிலோடு வகுப்புக்கு வந்து நின்றாள்.

அந்த வாரமே ஊர் முழுக்க வர ஆரம்பித்துவிட்டது. ஷாம்பு பாக்கெட், பால் கவர், மருந்து அட்டை, அறுந்த செருப்பு, எல்லாம் எறிந்தவர் வீட்டு வாசலுக்கு ஈரத்தோடு வந்தன. ஒன்றுகூட வீடு மாறவில்லை. டீக்கடை பெரியண்ணனுக்குப் பதினோரு வருடத்துக் கப்புகள் வந்ததில் வாசல் நிலை வரைக்கும் அடைத்துக்கொண்டு, மாடி வழியாக ஏணி வைத்து இறங்கினார். மானம் போகிறதே என்று மணப்பாறையில் மகள் வீட்டுக்குப் போனார். மீதிக் கப்புகள் அவருக்கு முன்னால் அங்கே போய்க் காத்திருந்தன. உத்தர வீதியில் ஒரு பெரியவர், தான் ஆற்றில் குப்பையே போட்டதில்லை என்று கோபுரத்தைக் காட்டிச் சத்தியம் செய்தார். அவர் வீட்டுக்குத்தான் தெருவிலேயே அதிகக் கவர் வந்தது. "பெருமாளுக்குச் சாத்தின துளசியைக் குப்பைத் தொட்டியிலயா போடறது? காவேரியிலதான் சேர்ப்பிக்கணும்," என்று நியாயம் சொன்னார். நியாயம்தான், கவரை மட்டும் வீட்டிலேயே வைத்திருக்கலாம். அதிகாரிகள் இரண்டு தடவை கூட்டம் போட்டுக் கலைந்தார்கள். கூட்டத்தில் கொடுத்த தண்ணீர் பாட்டில்களும் பிற்பாடு வந்து சேர்ந்தன.

பி பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அவரவர் குப்பையைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள். ஜெஸிமாதான் முதலில் கவனித்துச் சொன்னாள். "மிஸ், ஆத்துல போட்ட பூமாலை வரவே இல்ல. மாலை சுத்துன கவர் மட்டும்தான் வருது."

"மாலையைத் தண்ணி கரைச்சிடும்மா. மிச்சத்த மீன் தின்னுடும். கடலுக்குச் செரிக்காததுதான் திரும்பி வருது."

"கவருக்குள்ளயே முடிச்சுப் போட்டு வச்சிருந்தா மிஸ்?"

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் கணவர் எழுவதற்கு முன்னால் டீச்சரே கதவைத் திறந்தார். பை வந்தால் பிள்ளை இன்னும் கரையாமல் எங்கோ கடலில் அடைபட்டுக் கிடந்தான் என்று அர்த்தம். வராவிட்டால் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். எது வேண்டும் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. பைக்குப் பதிலாக ரங்கநாதன் எறிந்தவை வந்தன. அவனுக்கும் அதுதானே வீடு. சிப்ஸ் கவர்கள், பேனா மூடிகள், ஐந்தாம் வகுப்பில் உடைத்த பிளாஸ்டிக் மட்டை. "பாலத்துல போறப்போ எறியாதடான்னு எத்தனை தடவை சொன்னேன்," என்று ஒரு பிஸ்கட் கவரிடம் சொல்லிவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அந்தக் குப்பையில் ஒன்றைக்கூட அவரால் தூக்கிப்போட முடியவில்லை. கழுவித் துடைத்து அவன் அலமாரியில் அடுக்கினார்.

ஐப்பசி பிறந்து நான்காம் நாள் பை வந்தது. மஞ்சள் நிறம் வெளுத்திருந்தது. ஒரு மூலையில் ஆமை கடித்த தடம், ஆனால் கிழியவில்லை. இரண்டு முடிச்சும் டீச்சர் போட்டது போட்டபடி இருந்தன. தூக்கிப் பார்த்தார், கனம் குறையவில்லை. பல் துலக்கிக்கொண்டே வந்த ஜெயக்குமார் அதைப் பார்த்து, வாயில் நுரையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவுக்க மனசு வரல ராணி. அவுத்தா கலைஞ்சு போயிடுவானேன்னு இருந்துச்சு. முழுசாப் போகட்டும்னு விட்டுட்டேன்."

பொய் சொன்னதற்கு ஒரு சண்டை பாக்கியிருந்தது. டீச்சர் போடவில்லை. "நானும் அதுக்குத்தாங்க ரெண்டு முடிச்சு போட்டேன்," என்றார்.

மூன்று நாள் பையை அவன் கட்டிலில் வைத்திருந்தார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த மூன்று நாளும் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள். டீச்சர் லீவு போட்டார், ஜெயக்குமார் கடை திறக்கவில்லை. அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவல் செய்து சாப்பிட்டார்கள், ஃபேனை அவன் அறையிலும் ஓடவிட்டார்கள். நாலாம் நாள் டீச்சர் பள்ளிக்குப் போனார். நிறுத்திய பாடத்தை எடுத்து முடித்தார். ஜெஸிமா மறக்காமல் எழுந்து அதே கேள்வியைக் கேட்டாள்.

"அப்படியேதாம்மா கெடக்கும். கரையவும் முடியாது, போகவும் வழியிருக்காது. பாவம்மா அது," என்றார் டீச்சர். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் இருவரும் அம்மா மண்டபம் போனார்கள். இந்தத் தடவை டீச்சரும் தண்ணீரில் இறங்கினார். பெண் இறங்கலாமா என்று படியில் யாரோ கேட்டதற்கு அவர் திரும்பவில்லை. உப்பேறி இறுகிய முடிச்சைப் பிரிக்க ஜெயக்குமாருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. புரோகிதர் பிளேடு நீட்டினார், வேண்டாம் என்றுவிட்டார். அவர் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. இரண்டாவது முடிச்சும் அவிழ்ந்ததும் டீச்சர் பையைக் கவிழ்த்தார். நாலு முழ நீளத்துக்குத் தண்ணீர் சாம்பல் நிறமாக ஓடியது, பிறகு எல்லாத் தண்ணீரும் ஒன்றாகிவிட்டது. டீச்சர் காலிப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையை விரித்தபடி நின்றார். கையில் ஒட்டியிருந்ததையும் ஆறு எடுத்துக்கொண்டது.

இப்போது தை பிறந்துவிட்டது. ஊரில் பொருள்கள் வருவது நிற்கவில்லை. காலையில் அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கோலம் போடப் பெண்கள் பழகிவிட்டார்கள், பெரியண்ணன் கண்ணாடி டம்ளருக்கு மாறிவிட்டார். விஜயராணி டீச்சர் வீட்டுக்கு மட்டும் எதுவும் வருவதில்லை. ரங்கநாதன் எறிந்ததெல்லாம் வந்து முடிந்துவிட்டது. ஆனாலும் ஜெயக்குமார் தினமும் விடிந்ததும் எழுந்து கதவைத் திறந்து படியைப் பார்க்கிறார்.

"ஒண்ணும் வரலம்மா," என்கிறார்.

"சரிங்க," என்று டீச்சர் உள்ளிருந்து சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கு டீ போடுகிறார்.