காருக்கு ஏழு குறிப்புகள்

அண்ணன் வீட்டை விட்டுப் போய் இன்றோடு இருநூற்றுப் பதினான்கு நாட்கள். நான் எண்ணுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆய்வகத்தில் என் மேசைக்கு மேலே தொங்கும் காலண்டரில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். பக்கத்து மேசை அக்கா ஒருநாள் அதைக் கவனித்துவிட்டு, "என்னடி, வேலையை விடுற தேதியை எண்ணிட்டு இருக்கியா?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பினேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காரைப் பார்க்க ஆள் வருகிறார்கள். அப்பா காலையிலேயே வாளியும் துணியுமாக வாசலுக்கு இறங்கிவிட்டார். சக்கரத்தின் இடுக்குகளைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார். தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். எதையும் எண்ணிக்கையும் எழுத்துமாக வைத்திருப்பவர். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குப் பிறகு வீட்டுக்குக் கார் எதற்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். விபத்துக்குப் பிறகு அம்மா அந்தக் காரில் ஏறவே இல்லை என்பதை யாரிடமும் சொல்வதில்லை. அம்மா பஸ்ஸில் போகிறாள். பஸ் இல்லாத இடத்துக்குப் போவதில்லை.

"கதவுக்குக் கீழ துரு இருக்கு, அதையும் காட்டிடணும்" என்றார் அப்பா. "விக்கிற சாமான்ல எதையும் ஒளிக்கக் கூடாது. நாளைக்கு ஒருத்தன் வாசல்ல வந்து நின்னு நம்மளக் கேள்வி கேக்கக் கூடாது."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வாசல்ல வந்து நிக்க வேண்டியவனே வரல. வேற எவன் வந்து நிக்கப் போறான்."

அப்பா வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினார்.

அந்தக் காருக்குப் பதினேழு வயது. வாங்கியது அப்பா, ஓட்டியது அப்பா. பழைய காரை வைத்திருப்பவர்களுக்கு அதன் கோளாறுகள் கோளாறாகத் தெரிவதில்லை, அதன் குணமாகிவிடுகின்றன. அண்ணனுக்கு ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை கிடைத்தபோது, கனமான பாகங்களைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாகப் போக வேண்டியிருந்தது. செவ்வாயும் வியாழனும் காரை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அப்பா. சாவியைக் கொடுப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். ஸ்டோரில் சரக்குக் கணக்கெடுப்பதைப் போல காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

டிரைவர் பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கி மூட வேண்டும். பின்பக்க இடது கண்ணாடியை இறக்கக் கூடாது, இறக்கினால் ஏறாது. பெட்ரோல் முள் கால் பாகம் காட்டினால் டாங்க் காலி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ரிவர்ஸ் விழாவிட்டால் முதல் கியருக்குப் போய்விட்டு வர வேண்டும். இப்படி ஏழு.

அண்ணன் அதை வாசித்துவிட்டு, "இது காரா, மாமியாரா? எங்க தொட்டா கோவம் வரும்னு லிஸ்ட் போட்டு வச்சிருக்கு" என்றான். அப்பாவே சிரித்துவிட்டார்.

"அவ்வளவுதானாப்பா?"

"அவ்வளவுதான். மத்ததெல்லாம் ஓட்ட ஓட்டத் தெரிஞ்சுடும்."

அண்ணன் அந்தத் தாளை ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில் லேமினேட் செய்து கொண்டுவந்தான். கண்ணாடிக்கு மேலே வெயில் தடுப்பில் செருகி வைத்தான். யார் காரில் ஏறினாலும் எடுத்துக் காட்டுவான். "என் தங்கச்சி கையெழுத்து. வாயைத் திறக்க மாட்டா, கையெழுத்து மட்டும் அச்சடிச்ச மாதிரி இருக்கும்." எனக்கு அவன் வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

ஐந்து வாரம் ஓட்டினான். ஆறாவது வார வியாழக்கிழமை காலை என்னை ஆய்வகத்தில் இறக்கிவிடக் கூட்டிப் போனான். மருத்துவமனைக்கு முன்னால் ரோடு நீளமாக இறங்கும். கீழே தையற்காரர் ஒருவர் சைக்கிளில் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். அவசரமே இல்லாத தூரம். அண்ணன் அவரைப் பார்த்துவிட்டான், அது எனக்குத் தெரியும். சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் நிறுத்தினான். அவன் வலது முழங்கால் மெதுவாக நீண்டது. கார் கொஞ்சம் வேகம் குறைந்தது. பிறகு குறையவில்லை. முழங்கால் முழுக்க நேராகிவிட்டது. "பிடிக்கல" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "பிடிக்கல, பிடிக்கல." அதே நேரத்தில் அவன் போன் அடித்தது. டேஷ்போர்டின் மேல் அது வெளிச்சமாக நடுங்கியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தையற்காரர் பிழைத்துவிட்டார். இடுப்பு எலும்பும் வலது தொடையும் முறிந்தன. இப்போது ஊன்றுகோல். மிதித்துத் தைத்த மெஷினுக்கு மோட்டார் மாட்டியிருக்கிறார்கள். அவர் கடை இருக்கும் தெருவில் நான் போவதில்லை.

காரைப் பார்த்த மெக்கானிக் உட்கார்ந்து பிரேக்கை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். "கல்லு மாதிரி இருக்கு சார்" என்றார். தெருமுனை வரை ஓட்டிப் போய் டயர் கிறீச்சிட நிறுத்திக் காட்டினார். அப்பா அண்ணனைப் பார்த்தார்.

"கேட்டுக்கிட்டியா?"

"அப்பா, சத்தியமா பிடிக்கலப்பா. கால் தரையைத் தொட்டுடுச்சு."

"அப்ப மெக்கானிக் பொய் சொல்றாரா? இருபது வருஷமா அந்தக் கைதான் இந்த மாதிரி வண்டிங்களைப் பாக்குது."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். "ஊமைக்கோட்டான், நீயாவது சொல்லு. பக்கத்துலதானே உக்காந்திருந்தே."

நான் சொல்வதற்குள் அப்பா என்னைக் கேட்டார். "போன் அடிச்சுதா, இல்லையா?"

"அடிச்சுது" என்றேன்.

"அவ்வளவுதான்" என்றார் அப்பா.

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். முழங்காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நான் வேதியியல் படித்தவள், தண்ணீர் பரிசோதிக்கும் வேலை. ஒரே ஒரு முறை பார்த்ததை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறை சோதிப்போம். மெக்கானிக்கும் சோதித்தது ஒரே ஒரு வகையில்தான், ஓங்கி மிதித்து மட்டும்தான் பார்த்தார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது.

அடுத்த ஒன்பது நாட்கள் அண்ணன் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டான். ஒன்பதாவது நாள் அப்பா அவன் எதிரிலேயே அம்மாவிடம் சொன்னார்: "தப்புப் பண்ணினா ஒத்துக்கணும். வண்டி மேல பழியைப் போடுறவன் நாளைக்குப் பெத்தவங்க மேலயும் போடுவான்."

அண்ணன் எழுந்து கை கழுவினான். மறுநாள் காலை மேசை மேல் கார் சாவி இருந்தது, அதற்கு அடியில் லேமினேட் செய்த தாள். இப்போது வேறு ஊரில் ஒரு கோடவுனில் வேலை செய்கிறான். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அம்மாவின் போனுக்கு 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வரி வரும். எனக்கு எதுவும் வருவதில்லை.

அப்பா பம்பரை நேராக்கி, விளக்கு மாற்றி, மறுபடி காரை எடுத்தார். தினமும் என்னை ஆய்வகத்தில் விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போகிறார். அந்த இறக்கத்து ரோடு வழியாகத்தான். அப்பா ஓட்டினால் மடியில் வைத்த டிபன் பாக்ஸ்கூட நகராது. நிறுத்துவதற்கு முன் காரின் மூக்கு இரண்டு முறை மெல்லக் குனிந்து நிமிரும். அம்மா காரில் வந்துகொண்டிருந்த காலத்தில், "உங்கப்பா கார் ரெண்டு தடவை தலையாட்டிட்டுத்தான் நிக்கும், புது மாப்பிள்ளை மாதிரி" என்று கேலி செய்வாள். அதை நான் நிதானம் என்று நினைத்திருந்தேன். அண்ணனுக்கு அந்த நிதானம் இல்லை என்றும் நினைத்திருந்தேன்.

பதினொரு மணிக்கு வந்தார்கள். மருந்துக்கடைக்காரர், அவர் மனைவி, ஆறு வயதுப் பெண் குழந்தை. மருந்துக்கடைக்காரர் நிறையப் பேசுகிறவர். பானெட்டைத் தட்டிப் பார்த்து, "பி.பி. நார்மல்" என்றார். குழந்தை யாரையும் கேட்காமல் பின் சீட்டில் ஏறிக் குதிக்க ஆரம்பித்தது.

அப்பா துருவைக் காட்டினார். வெடித்த சீட் உறையைக் காட்டினார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்: "ஒரு ஆக்சிடென்ட் ஆயிருக்கு. மறைக்க விரும்பல. என் பையன் ஓட்டினான். போனைப் பாத்துக்கிட்டே ஓட்டினான்."

"இந்தக் காலத்துப் பசங்களே அப்படித்தான் சார்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அண்ணன் போனைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தேன். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிவிட்டேன்.

மருந்துக்கடைக்காரர் தெருவை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். வாசலில் ஒரே மிதியில் நிறுத்தினார். "பிரேக்கெல்லாம் நச்சுனு இருக்கு" என்றார். அப்பா துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் துடைத்தார்.

வெயில் தடுப்பில் அந்தத் தாள் மறுபடி இருந்தது, அப்பாதான் வைத்திருந்தார். மருந்துக்கடைக்காரர் அதை உருவி வாசித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். "நான் மாத்திரைக் கவர்ல எழுதித் தர்றேனே, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின்னு, அந்த மாதிரியே இருக்கு சார். இதையும் வண்டியோட தந்துடுங்க."

"அது வேணாம்." அம்மா வாசலுக்கு வந்திருந்தாள். விபத்துக்குப் பிறகு காருக்கு இவ்வளவு பக்கத்தில் அவள் வந்தது இன்றுதான். தாளை அவர் கையிலிருந்து வாங்கி முந்தானையில் துடைத்தாள். "இது என் பையன் வச்சிருந்தது. பொண்ணு வேற ஒண்ணு எழுதித் தருவா."

நான் பேனாவும் நோட்டும் எடுத்துவந்து, கார் பானெட்டின் மேல் வைத்துக் குனிந்தேன். உட்கார்ந்து எழுதட்டும் என்று அப்பா வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கொடுத்தார். பார்த்து எழுத வேண்டிய அவசியம் இல்லை, ஏழும் எனக்கு மனப்பாடம். அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் எங்க சார் ஓட்டப் போறேன், எனக்குக் கடையே கதி. இவதான் ஓட்டுவா. பாப்பாவை ஸ்கூல்ல விடணும், கூட்டிட்டு வரணும்."

"எந்த ஸ்கூல்?" என்று அப்பா கேட்டார்.

அந்த அம்மாள்தான் பதில் சொன்னார். "ஆஸ்பத்திரிக்கு முன்னால இறங்குதே, அந்த ரோட்டுக்குக் கீழ. நான் ரொம்ப மெதுவாத்தான் ஓட்டுவேன். தூரத்துலயே பிரேக்ல கால் வச்சுடுவேன். இவர் கேலி பண்ணுவார்."

அப்பா பின் சீட்டைப் பார்த்தார். குழந்தை இறக்கக் கூடாத கண்ணாடியில் வாயை வைத்து ஊதி, விரலால் ஒரு முகம் வரைந்துகொண்டிருந்தது.

நான் ஏழாவதை முடித்து, கீழே கோடு இழுத்தேன்.

"பேனாவை மூடாதே" என்றார் அப்பா.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எட்டுன்னு போட்டுக்கோ." ஸ்டோரில் சரக்குச் சொல்கிற அதே குரல். "இறக்கத்துல பிரேக்கை மெதுவா அழுத்திக்கிட்டே இருந்தா, பெடல் உள்ள போயிடும். தரை வரைக்கும் போயிடும். வண்டி நிக்காது. பயப்படக் கூடாது. காலை எடுத்துட்டு ரெண்டு தடவை மிதிக்கணும். மிதிச்சா பிடிக்கும்."

'தரை வரைக்கும்' என்பது வரை எழுதியிருந்தேன். பேனாவை நோட்டின் மேல் வைத்துவிட்டேன்.

மருந்துக்கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. அவர் மனைவி பின்கதவைத் திறந்து குழந்தையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இது எப்போ இருந்து சார் இப்படி?"

அப்பா துணியை நான்காக மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்தார். அம்மா தாளை மார்போடு பிடித்தபடி நின்றாள்.

"ரெண்டு வருஷமா" என்றார் அப்பா. "எனக்குக் கால் பழகிடுச்சு. பையன்கிட்ட நான் சொல்லல."