கேசட்டில் ஏறாத பெயர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. வெயில் சாய்வதற்குள் முடிந்துவிடும் கதைதான். அதுவரை உங்கள் காது எனக்கு வேண்டும். எயெங்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மதோங்கே சந்தையில் என் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்றவள் அவள். ஞாயிறு பூசை முடிந்ததும் நல்ல துணி உடுத்திக்கொண்டு சான்சா விடுதிக்குக் கிளம்பிவிடுவாள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எங்கள் தெருவில் நிற்கும் விடுதி அது. கீழே முற்றத்தில் பாட்டும் பீரும். மேலே படகில் வரும் வியாபாரிகள் தங்கும் அறைகள். சுவர் பெயர்ந்திருக்கும், நாற்காலிகளில் பாதி ஆடும். எயெங்காவின் கண்ணில் அதெல்லாம் படாது. "இங்க மாதிரி குளுந்த பீரு ஊர்ல எங்கயும் கெடைக்காது" என்பாள். பாதி நாள் மின்சாரம் இருக்காது. சூடான பீரைத்தான் அப்படிப் புகழ்வாள்.

அவள் மகன் மொசங்கா அந்த விடுதிக் குழுவில் கிட்டார் வாசித்தவன். அங்கேயே ஒரு பாட்டும் கட்டினான். பிறகு ஆற்றில் படகு கவிழ்ந்து போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை, புதைத்த இடம் என்று ஒன்று இல்லை. அன்றிலிருந்து அந்தப் பாட்டில் கிட்டார் வேகமெடுக்கும் இடத்தில் பாடகன் பெலோ கூவுவான்: "மொசங்கா, அம்மா வந்திருக்கா பாரு." எயெங்கா எழுந்து கையை உயர்த்தி ஆடுவாள். பாட்டுக்கு நடுவே ஒருவர் பெயரைக் கூவுவதை நாங்கள் கல் எறிவது என்போம். பணக்காரர்கள் காசு கொடுத்து எறியச் சொல்வார்கள். மொசங்காவின் கல்லுக்கு யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஒருநாள் விடுதிக்காரன் மவுங்கு சந்தைக்கு வந்தான்.

"அக்கா, வர்ற ஞாயிறு நம்ம பாட்ட முற்றத்துலயே பதிவு பண்றாங்க. கேசட்டா வரப்போவுது. விருந்துக்கு மீன் உன் கைதான்."

"என் புள்ள பேரு கேசட்ல வருமா?"

"பாட்டே அவனோடதுதானக்கா."

அவள் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டாள். சந்தை முழுக்கச் சொல்லி, எங்கள் எல்லோரையும் வரச்சொன்னாள்.

ஞாயிறு காலையிலிருந்து இலையில் மீனைக் கட்டிச் சுட்டுக்கொண்டிருந்தாள். பெலோவுக்குத்தான் முதல் இலை. அவன் தலை நிமிரவில்லை. "என்னடா, முள்ளா தேடற? என் மீனுக்கே பயமா?" என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

பாட்டு தொடங்கியது. கிட்டார் வேகமெடுத்தது. எயெங்கா எழுந்து கையை உயர்த்தினாள்.

"ஒகிதோ ஐயா, மரக்கடைக்கு ராசா" என்று பெலோ கூவினான்.

முன்வரிசையில் வெள்ளைச் செருப்போடு உட்கார்ந்திருந்த மர வியாபாரி தலையை ஆட்டினார். எயெங்காவின் கை மேலேயே நின்றது. பிறகு நேராக மவுங்குவிடம் நடந்தாள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"தப்பா பாடிட்டான் மவுங்கு. திருப்பிப் பாடச் சொல்லு."

"தப்பு இல்லக்கா. மேல கூரை ஒழுகுது, ஆளுங்க தங்க மாட்டேங்கறாங்க. ஐயாதான் மாத்தித் தர்றாரு. ஞாயித்துக்கிழமை நமக்குள்ள பாடறப்ப மொசங்கா பேருதான். கேசட்ல மட்டும்..."

"எப்ப பேசி முடிச்சீங்க?"

"மழைக்கு முந்தியே."

"அப்ப, மீன் கேக்க வந்தப்பவே உனக்குத் தெரியும்."

மவுங்கு ஆடிய நாற்காலி ஒன்றை நகர்த்தி வைத்தான்.

"சரி. என் புள்ள பேரு வேணாம். யாரு பேரும் வேணாம். அந்த எடத்துல கிட்டார் மட்டும் போவட்டும். சும்மா விடு."

மவுங்கு அந்த வெள்ளைச் செருப்புப் பக்கம் பார்த்தான். "வாக்கு குடுத்துட்டேன்க்கா."

"அம்மா, நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்றான் பெலோ.

"நீ சொன்னதத்தான் இப்பக் கேட்டனே."

அவள் வெளியே நடந்தாள். பாதி தெரு தாண்டுவதற்குள் பின்னால் பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நாங்கள் சிலர் அவளோடு எழுந்து வந்தோம். பலர் வரவில்லை. மீன் சூடாக இருந்தது.

கேசட் நன்றாக விற்றது. கூரையும் மாறியது. எயெங்கா அந்தப் பக்கமே போகவில்லை. ஞாயிறுகளிலும் சந்தையில் உட்கார்ந்து செதில் சுரண்டத் தொடங்கினாள். ஒரு ஞாயிறு பெலோ வந்து அவள் முன்னால் குத்துக்காலிட்டான்.

"வாம்மா. இன்னிக்கு அவன் பேரு மட்டுந்தான். யாருகிட்டயும் காசு வாங்கல."

எயெங்கா கத்தியைக் கீழே வைத்தாள். கோபமாகப் பேசவில்லை, அலுத்துப்போய்த்தான் பேசினாள்.

"முன்னல்லாம் பாட்டுல அந்த எடம் அவனோடதுன்னு நெனச்சுட்டு வந்தேன்டா. நீங்க குடுக்கறதுன்னு தெரிஞ்சப்புறம், அத வாங்கிக்க மனசு வரல. எழுந்திரு, யாவாரத்த மறைக்கற."

அவன் எழுந்து போனான். அவள் அடுத்த மீனை எடுத்தாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. வீட்டுக்குப் போங்கள். உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் வாசலை நம்பி வந்தவர் ஏமாந்து திரும்பாதிருக்கட்டும். சாப்பிட வரச்சொல்லி நீங்கள் கூப்பிடும் ஒவ்வொரு குரலுக்கும் உள்ளேயிருந்து பதில் வரட்டும்.