ஊருக்குப் போனவர்கள்

...சொல்லிவிட்டால்தான் என்ன, செத்துப்போனார் என்று ஒரு வார்த்தை, அதற்கு ஏன் வாய் இப்படி மரத்துக் கிடக்கிறது என்று நினைத்தபடி முப்பிடாதியம்மாள் தாராவி டி.பி. தவாகானாவில், அந்தக் காசநோய் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், புருஷன் தளவாயை ஊரில் எரித்துவிட்டு ரயிலேறி வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது, இன்னும் அழுகை வரவில்லை, வருமா... தாலி இல்லாத கழுத்தை முந்தானை மூடியிருக்கிறது, யாரும் எதுவும் கேட்கவில்லை. பம்பாயில் சாக மாட்டேன், ஊருக்குக் கொண்டுபோயிரு என்று அந்த மனுஷன்தானே பிடிவாதம் பிடித்தார், தோல் கிடங்கு நாற்றத்திலேயே காலத்தைத் தள்ளியவருக்குக் கடைசியில் அப்படி ஓர் ஆசை, ஊசியைப் பாதியில் விட்டது யார் குற்றம், கேட்ட அவரா, டிக்கெட் எடுத்த இவளா... எதிர்ச்சுவரில் டி.பி. சாவுக் கணக்குப் படம், சுதந்திரம் வந்த வருஷம் உச்சியில் நின்ற சிவப்புக் கோடு இறங்கி இறங்கி அறுபத்தாறில் தரையைத் தொடப் பார்க்கிறது, சாவு குறைகிறது பாருங்கள் என்று மராட்டிக்கார டாக்டர் பள்ளிக்கூடப் பிள்ளை மார்க்கு காட்டுவதுபோல் எல்லாரிடமும் காட்டுவார், நல்ல மனுஷர், தளவாயின் சளி டப்பாவைக்கூட முகம் சுளிக்காமல் வாங்கியவர், அவரிடம் போய் உங்கள் சிவப்புக் கோட்டை மேலே ஏற்ற வந்திருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

“தளவாய் எங்கம்மா?” என்றாள் நர்ஸ் லூசியம்மாள். “ஊருக்குப் போயிருக்காவ.” சொன்னது இவள்தானா... பொய்யும் இல்லையே, போனார்தானே. டாக்டர் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார், ஊர்க்காற்று நல்லதாம், மாத்திரையை மட்டும் விடக்கூடாதாம், பார்சலில் அனுப்பச் சொல்லி ஒரு மாதத்துக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். எந்த விலாசத்துக்கு? மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டு நடந்தாள்.

வாசலில் பேராச்சி எதிரே வந்தாள், பக்கத்துச் சந்துக்காரி, அவள் புருஷனும் இதே சீக்கோடு ஊருக்குப் போனவன்தான். பொட்டலத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். “வாங்கிட்டியளா மைனி, கொண்டு போங்க,” என்றாள் மெதுவாக, “நானும் ரெண்டு வருசமா வாங்கிட்டுத்தான இருக்கேன்.” ரெண்டு வருஷமாக அந்த வீட்டுக்கு ஊரிலிருந்து ஒரு கடுதாசி வந்து பார்த்ததில்லை, அது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை... அப்படியென்றால் அவனும்... முப்பிடாதியம்மாள் திரும்பிப் பார்த்தாள், பெஞ்சில் இன்னும் ஏழெட்டுப் பெண்கள், கையில் புருஷன் பேர் எழுதிய சீட்டு, எல்லாருமே தனியாகத்தான் வந்திருந்தார்கள்.