புள்ளிக்கு ஓர் இடம்

கிளினிக்கில் நோயாளிகளின் அட்டைகளை அடுக்கியிருக்கும் அறைக்குள் பக்கவாட்டாகத்தான் நுழைய முடியும். இரு பக்கமும் கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள். நடுவில் ஒன்றரை அடி. இருபத்திரண்டு வருடம் அதற்குள் போய்வந்ததில் அட்டையக்கா வீதியிலும் பக்கவாட்டாகவே நடக்கிறாள் என்று கம்பவுண்டர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அது சுத்தப் பொய். மழைக்காலத்தில், தேங்கிய தண்ணீரை ஒட்டிப் போகும்போது மட்டும்தான் அப்படி.

அன்று காலை வெளியே முப்பது நோயாளிகள் காத்திருந்தார்கள். அட்டையக்கா பதினோராயிரம் அட்டைகளுக்குள் கைவிட்டு, பார்க்காமலே தையற்காரரின் அட்டையை உருவினாள். மேல் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி. காது மந்தம், கத்திக் கூப்பிட வேண்டும் என்று அர்த்தம். இரண்டு புள்ளி என்றால் ஊசியைக் கண்டால் மயங்கிச் சாய்ந்துவிடுவார். பின்னால் யாராவது நிற்க வேண்டும். பிறை போட்டிருந்தால் புருஷனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும். இதெல்லாம் அவளாகப் போட்டுக்கொண்டவை. அட்டையை நீட்டும்போது டாக்டரம்மாவின் காதில் சொல்லிவிடுவாள்.

"இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்லதான் அக்கா," என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "மூணு கம்பெனிக்காரங்க வந்து காட்டுவாங்க. எதை வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும். உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

கம்பவுண்டர் மாத்திரை எண்ணிக்கொண்டே சிரித்தார். "உங்க வேலைக்கு நீங்களே ஆள் பார்க்கிறீங்க போல."

"வரட்டுமே. அதுக்கு இந்தப் புள்ளி தெரியுதான்னு பார்ப்போம். தெரியாத வரைக்கும் என்னை யார் அனுப்புறது?"

முதல் ஆள் கொண்டுவந்தது, மின்னஞ்சல் முகவரி கொடுக்காமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. சோதனைக்காக உட்காரவைத்த மூட்டை தூக்குபவர் வயிற்றைப் பிடித்தபடி கால் மணி நேரம் யோசித்தார். மின்னஞ்சல் இல்லாதவனுக்கு வயிற்றுவலி வராது என்பது அதன் கட்சி.

"சரி, புள்ளியை எங்க வைக்கிறது?" என்று கேட்டாள் அட்டையக்கா.

"எந்தப் புள்ளி மேடம்?"

அவர் போய்விட்டார்.

இரண்டாவது பார்க்க அழகாக இருந்தது. ரத்த அழுத்தம் மலைமலையாக ஏறி இறங்கியது. நடுவில் இன்டர்நெட் போனது. மாதிரிக்கு ஏற்றியிருந்த நோயாளிகள் எல்லோரும் ஒரே நொடியில் குணமாகிவிட்டார்கள். திரையில் ஒருவர்கூட இல்லை.

மூன்றாவது வந்த வழுக்கைத் தலைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை. அவரும் பக்கவாட்டாக அறைக்குள் நுழைந்து, ஒரு அட்டையை உருவி, மூலையை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்னக்கா, புள்ளி?"

இத்தனை வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. அட்டையக்கா சொன்னாள். பிறையைச் சொன்னாள். ஒரே பெயரில் இருக்கும் நான்கு பேரை எப்படிப் பிரிப்பது, வயதை ஆளுக்கொரு விதமாகச் சொல்பவர்களை எப்படிப் பிடிப்பது என்பதையும் சொன்னாள். அவர் முழங்காலில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டே போனார். நடுநடுவே "அடேங்கப்பா" என்றார்.

நான்கு நாள் கழித்து அவர் திரும்பி வந்தபோது திரையின் மேல் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. காது மந்தத்துக்கு மஞ்சள். மயக்கத்துக்குச் சிவப்பு. பிறைக்கு ஊதா.

"தொட்டுப் பாருங்க."

தொட்டாள். ஊதா எரிந்தது. மறுபடி தொட்டாள், அணைந்தது. ஒன்பது தடவை தொட்டுப் பார்த்தாள். தன் தலைக்குள் இருந்த ஒன்று வெளியே வந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதில் அவளுக்கு அலுக்கவே இல்லை.

கம்பவுண்டர் அவளை ஓரமாக இழுத்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "ரெண்டாவதைச் சொல்லிடுங்க அக்கா. அது தினமும் படுத்துக்கும். படுத்துக்கிறப்பல்லாம் உங்களைத்தான் தேடணும்."

"அதுவும் சரிதான்," என்றாள் அவள்.

சாயங்காலம் டாக்டரம்மா கேட்டார். அட்டையக்கா கொஞ்ச நேரம் முந்தானை நுனியைத் திருகினாள்.

"மூணாவதுதான் டாக்டர். நம்ம ஜனங்களுக்கு அதுதான் சரி."

பதினோராயிரம் அட்டைகளையும் அவளே ஏற்றினாள். இரண்டு விரலால் தட்டி முடிக்க மூன்று மாதம் ஆயிற்று.

எல்லாம் முடிந்த அன்று வழுக்கைத் தலைக்காரர் வந்தார். "இனி யார் வேணும்னாலும் உட்காரலாம் டாக்டர். இன்னிக்குப் புதுசா வந்தவங்ககூட."

"யார் வேணும்னாலுமா?" என்று ஆவலாகக் கேட்டாள் அட்டையக்கா.

டாக்டரம்மா கம்பவுண்டரை உட்காரச் சொன்னார். அவர் வேண்டாவெறுப்பாகத் தட்டினார். நான்கு நொடியில் திரையில் தையற்காரர் வந்தார், மூலையில் மஞ்சளோடு. கம்பவுண்டர் எழுந்து நின்று கத்திக் கூப்பிட்டார். தையற்காரரும் எழுந்து வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அட்டையக்கா தட்டியதுதான் பலமாகக் கேட்டது.

மறுநாள் அலமாரிகளை ஆட்கள் தூக்கிப்போனார்கள். டாக்டரம்மா அளவு நாடாவோடு அறைக்குள் வந்தார்.

"ஸ்கேன் மெஷினும் ஒரு படுக்கையும் போட்டா சரியா இருக்கும். அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க அக்கா."

"எத்தனை அடி வருது டாக்டர்?" என்று கேட்டாள். அவளுக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது.

"ஆடாம பிடிங்க, சொல்றேன்."

அட்டையக்கா சுவரோரம் குனிந்து, நாடாவின் முனை நழுவாதபடி கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.