எட்டாவது துண்டு

இழுக்கும் இயந்திரத்தில் மாட்டிய எட்டாவது கான்கிரீட் துண்டு, பாதி இழுப்பிலேயே கையை விரித்துவிட்டது. முந்தைய ஏழும் என் கணக்கு சொன்னபடி சமர்த்தாக நடந்துகொண்டவை.

கான்கிரீட்டை எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும். இழுத்தால் பொசுக்கென்று விரிசல் விட்டுவிடும். அதனால் அதன்மேல் கார்பன் இழைத் துணியைப் பசை தடவி ஒட்டுகிறார்கள். விரிசலுக்குப் பிறகு அந்தத் துணி எவ்வளவு இழுத்துப் பிடிக்கும் என்பதைக் கணினியில் ஒரு கோடாக வரைந்து காட்டுவதுதான் என் ஆராய்ச்சி. ஐந்து வருடமாக அந்த ஒரு கோட்டோடுதான் என் குடித்தனம். கணவரும் மகளும் இரண்டு வருடம் முன்பே வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமை வந்து நிற்பேன், இனி உன்னோடுதான் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். அவள் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

இன்று செவ்வாய்.

"எட்டுல ஏழு பொருந்துதே, இதுக்கு மேல என்னம்மா வேணும்?" என்றார் என் பேராசிரியர். "பசை சரியா பிடிக்கலைன்னு ஒரு வரி எழுதி அதைத் தள்ளிடு. எல்லாரும் செய்றதுதான்."

அந்த ஒரு வரி உண்மையா என்று மட்டும் பார்த்துவிடலாமென்று ஆய்வுக்கூடத்துக்கு இறங்கினேன். உரிந்த துணியைத் திருப்பினேன். நன்றாக ஒட்டியிருந்தால் அது கான்கிரீட்டின் தோலையும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். இதன் முதுகில் வெறும் தூசிதான் இருந்தது. அப்பாடா என்றிருந்தது.

துணி ஒட்டும் டெக்னீஷியன் கைகழுவிக்கொண்டிருந்தார். நான் இன்னும் வாங்காத பட்டத்தை முன்கூட்டியே வழங்கிவிட்ட ஒரே மனிதர் அவர்தான்.

"என்ன டாக்டரம்மா, முகம் தொங்குது?"

"அண்ணே, எட்டாவதை எப்படி ஒட்டினீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "அன்னிக்கு மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு சட்டுபுட்டுன்னு முடிச்சுட்டேன்மா. மத்த ஏழையும் ஒரு நாள் பூரா தேய்ச்சு, தூசி ஊதி, காயவச்சு, பார்த்துப் பார்த்து ஒட்டினேன். நீங்க படற பாட்டைப் பார்த்துட்டுதானே இருக்கேன்."

"அப்ப அது தப்பா ஒட்டினது. விடுங்க."

"தப்புன்னு சொல்ல முடியாதும்மா. இங்க வர்றதுக்கு முன்னாடி பன்னிரண்டு வருஷம் கட்டடங்கள்ல ஒட்டினவன் நான். அங்க அப்படித்தான். ஏணியில நின்னு, தலைக்கு மேல, கம்பி பிரஷ்ல நாலு தேய்ப்பு, அவ்வளவுதான். இங்க மாதிரி கொஞ்சிக்கிட்டு இருந்தா அங்க எவன் விடுவான்?"

இந்த மனுஷர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஏழும் எனக்காக ஒட்டியவை. வெளியே நிற்கிற கட்டடங்கள் எல்லாம் எட்டாவதைப் போன்றவை. என் கோட்டை நம்பி யாரோ ஓர் உத்திரத்துக்குக் கணக்குப் போடுவார்கள், அதற்குக் கீழே ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள்.

புதிதாக வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஒட்டி, இழுத்து, கணக்கை மறுபடி எழுத நாலு மாதமாகும். அழுகை வந்தது, அழுதேன். அவர் கை துடைத்த துண்டை நீட்டினார். அதில் பசை நாற்றம் அடித்தது.

"அண்ணே, இன்னும் ஏழு ஒட்டித் தரணும்."

"ஜமாய்ச்சுடலாம்மா. இந்தத் தடவை ரெண்டு நாள் தேய்ச்சு..."

"வேண்டாம். கம்பி பிரஷ், நாலு தேய்ப்பு. எனக்காகன்னு எதுவும் செஞ்சுடாதீங்க."

வாசலுக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். மகள்தான் எடுத்தாள்.

"அம்மா, சனிக்கிழமை எத்தனை மணிக்கு வருவே?"

"கண்ணு, நாள்காட்டியில வட்டம் போட்டியே, பென்சில்லதானே போட்டே?"

"இல்லையே. சிவப்புப் பேனா."