ஹார்க்னஸ் மதகின் வாரிசுகள்

மதகுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் வாய்க்காலுக்குள் ஆடு மேய்ந்தது. நடுவில் தாசில்தார் போட்ட பூட்டு.

திருநல்லங்காட்டுக்கு மேட்டூர் தண்ணீர் வந்து சேரும்போது மதகில் ஒரு பூசை நடக்கும். பூசை முடிந்ததும் ஒருவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, மதகுப் பலகையைத் தூக்கும் திருகை முதலில் அவர் கையால் சுற்றச் சொல்வார்கள். ஒரு சுற்றுதான். மீதியை மதகைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் சுற்றித் தண்ணீரை விடுவார்.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் தகராறு. மேலவீட்டுச் செல்லத்துரை தான்தான் என்பார். கீழவீட்டு நெடுமாறன் தான்தான் என்பார். போன வருடம் இரண்டு பக்கத்து ஆட்களும் பரிவட்டத் துணியின் இரு முனையையும் பிடித்து இழுத்ததில், துணியோடு சேர்ந்து நாலைந்து பேர் வாய்க்காலில் விழுந்தார்கள். ஒருவருக்குக் கை முறிந்தது. அதனால் இந்த வருடம், சமாதானம் ஆகும்வரை மதகைத் தொடக் கூடாது என்று தாசில்தார் சாஜிதா திருகுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

பூவிழிக்கு இதில் எந்தப் பக்கமும் கிடையாது. அவள் வீடு தெற்குத் தெருவில். வாய்க்கால் முடிகிற இடத்தில் அவள் அப்பா ரெத்தினத்தின் ஒன்றரை ஏக்கர் இருந்தது. அவளுடைய தாத்தா காலத்தில் தெற்குத் தெரு முழுக்க இந்த இரண்டு வீட்டு வயல்களில் கூலிக்கு நட்ட தெரு. இப்போது சொந்த நிலம் இருக்கிறது. மரியாதையில் பங்கு கிடையாது. தண்ணீரில் பங்கு உண்டு, எல்லோரும் எடுத்தது போக.

ரெத்தினம் பக்கத்து போர்செட்டில் காசுக்குத் தண்ணீர் வாங்கிக் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார். நாற்று தயார். நடாமல் இன்னும் ஒரு வாரம் நாற்றங்காலிலேயே நின்றால் முற்றிவிடும், அப்புறம் நட்டாலும் தூர் கட்டாது. இது அவருக்கு அனுபவத்தில் தெரியும். பூவிழிக்குக் காரணத்தோடு தெரியும், தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள். காரணம் தெரிந்ததால் நாற்றுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

சமாதானக் கூட்டம் தாலுகா அலுவலகத்தில் நடந்தது. தாசில்தார் பார்த்தால் மனம் இளகும் என்று ரெத்தினம் ஒரு பிடி நாற்றை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுபோனார். தனக்குப் பேச வராது என்பதால் மகளையும் அழைத்துப்போனார். அவளுக்கும் பேச வராது. இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

மதகைக் கட்டியவர் எட்வின் ஹார்க்னஸ் என்கிற இங்கிலீஷ் இன்ஜினியர். மதகுக் கல்லில் அவர் பேரும் 1883 என்ற வருடமும் இருக்கிறது. கட்டி முடித்ததும் ஊர் கூடி அவருக்குத்தான் முதல் பரிவட்டம் கட்டியது. இதுவரை இரண்டு வீட்டுக்கும் சம்மதம். அவர் சீமைக்குத் திரும்பியபோது மரியாதையைத் தன் காண்டிராக்டரிடம் விட்டுப்போனார், அந்தக் காண்டிராக்டர் எங்கள் முப்பாட்டன் என்றார் செல்லத்துரை. மதகுக்கு நிலம் கொடுத்தவரிடம் விட்டுப்போனார், அது எங்கள் முப்பாட்டன் என்றார் நெடுமாறன். துரை கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதாக இரண்டு வீட்டிலும் கதை இருந்தது. துரைக்குக் கை இரண்டு என்பதால் இரண்டுமே நடந்திருக்கலாம்.

மத்தியானம் வரை பேசினார்கள். கடைசியில் நெடுமாறன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"துரையோட பேரனே வந்து கேக்கட்டும், குடுத்துடறேன். இந்தப் பூனைக்கண்ணனுக்குக் குடுக்க மாட்டேன்."

மேலவீட்டுக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பூனைக்கண். அதை ராஜகளை என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

"நானும் அதையேதான் சொல்றேன்," என்றார் செல்லத்துரை. "பேரன் வந்தா அவனுக்கு. இவருக்கு இல்லை."

இரண்டு பேரும் ஒன்றையே சொன்னது அன்று அதுதான் முதல் தடவை. சாஜிதா சட்டென்று அதை எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார். பிறகு, அந்தப் பேரனை யார் கண்டுபிடிப்பது என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு வீட்டுக்கும் சேராத ஆளாக இருக்க வேண்டும். கடைசி பெஞ்சில் கண் நின்றது.

என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். பூவிழி சொன்னாள். வேலை என்ன என்று கேட்டார்.

"தேடிக்கிட்டிருக்கேன், மேடம்."

"அப்ப பழக்கம் இருக்கு. இதையும் தேடும்மா."

ரெத்தினம் சாக்கைப் பிரிக்காமலேயே திரும்பினார்.

குடும்ப வரலாறு தேடுகிற இணையதளம் ஒன்று புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொஞ்ச நாள் இலவசம். பூவிழி சேர்ந்தாள். ஹார்க்னஸ் சுலபமாக அகப்பட்டார். நார்ஃபோக்கில் ஒரு மாவு மில்காரரின் மூன்றாவது மகன். ஞானஸ்நானம், பள்ளிக்கூடம், கப்பல், சம்பளம், கல்யாணம், சாவு எல்லாவற்றையும் யாரோ அவ்வப்போது எழுதிவைத்திருந்தார்கள். வாரிசுகள்தான் இங்கிலாந்தில் ஒருவர்கூட இல்லை. மகள் ஆலிஸ் கனடாவுக்குக் கோதுமை விதைக்கப் போய்விட்டாள். மகன் வால்டர் நியூசிலாந்துக்கு ஆடு வளர்க்கப் போய்விட்டார். துரை மட்டும் நார்ஃபோக்கில் ஒரு தேவாலயத் தோட்டத்தில் தனியாகக் கிடந்தார். வெள்ளைக்காரர்களிலும் பிழைக்கப் போனவர்கள் உண்டு என்று பூவிழி பாடத்தில் படித்ததுதான். ஆனால் கப்பலின் மூன்றாம் வகுப்புப் பட்டியலில் பெயர் பெயராகப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது.

இலவச நாள் மிச்சம் இருந்தது. ரப்பர் தோட்டத்துக்கு மலாயா போன தாத்தாவின் அண்ணன் பெயரையும் போட்டுப் பார்த்தாள். முனியன். ஊர்ப்பெயரோ தகப்பன் பெயரோ இல்லாமல் முனியன்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மூடிவிட்டாள்.

நியூசிலாந்தில் வால்டரின் பேரன் கிரகாம் இருந்தார். எழுபது வயது. பூவிழி எழுதிய மின்னஞ்சலுக்கு அன்றைக்கே பதில் வந்தது. கொள்ளுத்தாத்தா இந்தியாவில் ஏதோ குழாய் வேலை பார்த்ததாகத்தான் இதுவரை நினைத்திருந்தாராம். பரிவட்டம் என்றால் என்ன, தன் தலை அளவை அனுப்ப வேண்டுமா என்று கேட்டிருந்தார். ஆனால் விசா எடுத்து விமானம் ஏறி வருவதற்குள் நாற்று வைக்கோலாகிவிடும்.

"காணொளியில பாலமே திறக்கறாங்க," என்றார் சாஜிதா. "மதகு திறக்கக் கூடாதா?"

அப்படியாக ஒரு காலை நேரத்தில் ஊர் முழுக்க மதகில் கூடியது. பூவிழியின் செல்போனை ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் சாய்த்து நிறுத்தினார்கள். குருக்கள் பரிவட்டத்தைச் செல்போனுக்குக் கட்டினார். கேமரா மறைந்துவிட்டது, தனக்கு ஒரே இருட்டாக இருக்கிறது என்று கிரகாம் உள்ளேயிருந்து சொன்னார். அவிழ்த்து மேலே தூக்கிக் கட்டினார்கள். மாலை போட்டார்கள். செல்லத்துரையும் நெடுமாறனும் ஆளுக்கொரு பக்கம் நின்று, அடுத்தவனுக்குக் கிடைக்கவில்லை என்ற நிறைவோடு கும்பிட்டார்கள். ரெத்தினம் மண்வெட்டியோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். சாஜிதா கைப்பையைத் திறந்து சாவியைத் தேடினார்.

அப்போது திரையில் இன்னொரு முகம் வந்தது. கனடாவிலிருந்து மார்கரெட். ஆலிஸின் பேத்தி. கிரகாம் பெருமை தாங்காமல் சொந்தக்காரர்களின் முகநூல் குழுவில் காணொளி இணைப்போடு எழுதியிருந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மூத்த பிள்ளை ஆலிஸ்தான் என்றாள். அப்படியானால் மரியாதை தன் வழிக்குத்தான் வர வேண்டும். கிரகாம் சிரித்துக்கொண்டே, ஹார்க்னஸ் என்ற பேர் இன்னும் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். மார்கரெட் சிரிக்கவில்லை.

பூவிழி இரண்டையும் தமிழில் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. ஊருக்கு இது மிகவும் பரிச்சயமான விஷயம். பேர் ஆண்வழியில்தான் போகும், நியூசிலாந்துதான் நியாயம் என்றார் செல்லத்துரை. உடனே நெடுமாறன் கனடா பக்கம் சேர்ந்தார். கூடப் பிறந்த அக்காவுக்கு ஒரு குழி நிலம்கூடத் தராமல் கோர்ட்டுக்கு இழுத்தவர், மூத்தவள் பெண்ணாய்ப் பிறந்தது அவள் குற்றமா என்று கண் கலங்கக் கேட்டார். தாம்பாளம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுபட்டது. திரைக்குள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மார்கரெட் தான் டி.என்.ஏ. சோதனை செய்து வைத்திருப்பதாகவும், கிரகாமுக்குத் தைரியம் இருந்தால் அவரும் செய்யட்டும் என்றும் சொன்னாள்.

அது என்ன என்று சாஜிதா கேட்டார். ஒரு சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் யார் யாருக்கு உறவு என்று சொல்லிவிடுவார்கள் என்றாள் பூவிழி.

சாஜிதா சாவியைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டார். இது இன்றைக்கு முடியாது, இன்னொரு சமாதானக் கூட்டம்தான் வைக்க வேண்டும் என்றார்.

பூவிழி அப்பாவைப் பார்த்தாள். அவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தார்.

"மேடம்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். "மேடம், நான் தேடினது இன்னும் முடியலை."

"என்ன முடியலை?"

"கப்பல் ஏறினவங்களைத்தான் தேடினேன். ஏறாதவங்களைத் தேடலை."

தன் காலடியைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள், செய்முறைத் தேர்வில் விட்டுப்போன ஒரு படியைச் சொல்வதுபோல. ஹார்க்னஸுக்குக் கல்யாணம் ஆனது ஊருக்குத் திரும்பிய பிறகு. அதற்கு முன் ஒன்பது வருடம் இந்த ஊரில் இருந்திருக்கிறார்.

"அந்த ஒன்பது வருஷத்துல இங்க ஒரு குழந்தை பிறந்திருந்தா அதுதான் மூத்தது. பிறந்துச்சான்னு எனக்குத் தெரியாது. ஆனா கண்டுபிடிச்சுடலாம். ஊர்ல எல்லாரும் அந்தக் குழாயில துப்பினா போதும்."

யாரும் சொல்லாமலே, எல்லோரும் செல்லத்துரையின் கண்களைப் பார்த்தார்கள். செல்லத்துரை சட்டைப் பையிலிருந்து, கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

நெடுமாறன் தொடையைத் தட்டிச் சிரித்தார். கொஞ்ச நேரம் சிரித்தார். அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றது. அப்படி ஒரு சோதனை வந்து அப்படி ஒரு முடிவும் வந்துவிட்டால், பரிவட்டம் காலாகாலத்துக்கும் மேலவீட்டுக்கு.

போய்க்கொண்டிருந்த ரெத்தினம் திரும்பி வந்திருந்தார்.

"அம்மா, தெற்குத் தெருவுக்கும் சேர்த்துக் குழாய் வாங்குங்க," என்றார் தாசில்தாரிடம். "மதகு கட்டினப்ப மண்ணு சுமந்தது எங்க பொம்பளைங்கதான். நாங்களும் துப்பறோம்."

அவர் ஒரு கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை. செல்லத்துரை கறுப்புக் கண்ணாடி வழியாக நெடுமாறனைப் பார்த்தார். நெடுமாறன் செல்லத்துரையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் போன வருடத்துக் கை முறிவெல்லாம் மறைந்துபோனது.

என்ன பேசுகிறீர்கள் என்று செல்போன் கேட்டது. பூவிழி சுருக்கமாகச் சொன்னாள். குடும்பத்தில் புதிதாகச் சேர இங்கே ஆட்கள் இருக்கலாம் என்று கேட்டதும், கிரகாமுக்கு ஆட்டுக்குத் தீனி வைக்க நேரமாகிவிட்டது. மார்கரெட்டுக்குத் தூக்கம் வந்துவிட்டது. பரிவட்டத்துக்குள் திரை கறுப்பானது.

"இந்த வருஷம் மரியாதை யாருக்கும் வேணாம்மா," என்றார் நெடுமாறன். "ஜனங்க பயிர்தான் முக்கியம். தண்ணியத் திறந்து விடுங்க."

"அதான்," என்றார் செல்லத்துரை.

சாஜிதா பூட்டைத் திறந்தார். லஸ்கர் தலையில் ஒன்றும் கட்டிக்கொள்ளாமல் திருகைச் சுற்றினார். தண்ணீர் நுரையும் சருகுமாக வெளியே வந்தது. ஆடுகள் கரையேறின. ரெத்தினம் வாய்க்காலோடு தண்ணீருக்கு முன்னால் நடந்தார், அடைப்பு இருந்த இடத்தில் எல்லாம் வெட்டிவிட்டுக்கொண்டே. பூவிழி செல்போனை மாலையிலிருந்து விடுவித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். தண்ணீர் கடைமடைக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மறுநாளே நாற்றுப் பறிக்கத் தொடங்கினார்கள்.

நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த பிறகு, ஒரு மத்தியானம் பூவிழி வரப்பில் நின்றிருந்தாள். கறுப்புக் கண்ணாடியோடு செல்லத்துரை தனியாக வந்தார். தெற்குத் தெருப் பக்கம் அவர் வருவது வழக்கமில்லை. பயிர் நன்றாக இருக்கிறது என்றார். காற்று நன்றாக இருக்கிறது என்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். இத்தனை வருடமாக அவளை ரெத்தினம் பொண்ணு என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

"ஏம்மா பூவிழி, அந்தக் குழாய். வீட்ல யாருக்கும் தெரியாம வரவழைக்க முடியுமா?"

முடியும் என்றாள்.

"துரை வம்சம்னு வந்துட்டா, பரிவட்டத்துக்கு அப்புறம் பேச்சே இல்லைல்ல?"

இல்லை என்றாள்.

"துப்பி அனுப்பினா, அடுத்த வருஷம் மதகு திறக்கறதுக்குள்ள முடிவு வந்துடுமா?"

ஆறு வாரத்தில் வந்துவிடும் என்று பூவிழிக்குத் தெரியும். பயிரைப் பார்த்தாள். வேர் பிடித்து நேராக நின்றது.

"வராதுங்க," என்றாள். "தண்ணி திறந்த அப்புறம்தான் வரும்."